புள்ளி நம்ம வயலில் விழணுமே!

டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பில், வயலில் நின்று செல்போனில் படம் எடுத்துத்தான் புல எண்ணுக்கு நேரே பயிரைப் பதிகிறார்கள். நம்ம கடையநல்லூர்ப் பக்கம் துண்டு நிலம்தான் அதிகம். 25 சென்ட் சதுர வயலுக்கு ஒரு பக்கம் 32 மீட்டர்கூட வராது. நடுவில் நின்றாலும், ஜிபிஎஸ் 20 மீட்டர் விலகினால் புள்ளி பக்கத்து வயலில் விழுந்திரும். அங்கே உரம், மருந்து போட்ட நெல். இங்கே நம்ம பாரம்பரிய நெல்!

வானம் திறந்திருந்தால் செல்போன் சுமார் 5 மீட்டருக்குள் இடம் காட்டும். குறைந்தது 4 செயற்கைக்கோள் அதன் கண்ணில் படணும். அவை சுற்றுவது 20,200 கி.மீ. உயரத்தில், வந்து சேரும் சிக்னல் ரொம்ப மெலிசு. அடர்ந்த மாந்தோப்பு அதைக் கெடுக்கும். மேற்கே மலை வேறு ஒரு பக்க வானத்தை மறைக்கும்.

அதனால் நம்ம நிலத்துக்குள்ளேயே மேலே வெளிச்சமான இடமாப் பார்த்து நிற்கச் சொல்லுங்க. தகடு, காந்தம் வைத்த போன் உறையைக் கழற்றணும். பேட்டரி சேவரை அணைத்து, ஆப்புக்குத் துல்லிய இடத்துக்கான அனுமதி இருக்கான்னு பார்க்கணும். பிறகு இரண்டு நிமிஷம் பொறுமை. மேப்பில் நீல வட்டம் சுருங்கும். டவர் இல்லாட்டியும் ஜிபிஎஸ் வேலை செய்யும், முதலில் பிடிக்கத்தான் நேரமாகும். போனை எட்டுப் போட்டு ஆட்டச் சொல்வாங்க. அது திசைகாட்டிக்கு, இடத்துக்கு இல்லை.

அப்பவும் புள்ளி தள்ளியே நின்றால், பதிய விடாதீங்க. வங்கியில் இருந்தவன் சொல்றேன்: ஏறின பதிவைத் திருத்த நடக்கிற நடை, இரண்டு நிமிஷத்தில் முடியாது.