ஈராண்டுப் பட்டமும் அதன் காலவளவும்

“பதறாத காரியம் சிதறாது” என்பது பழமொழி. “ஆறின கஞ்சி பழங்கஞ்சி” என்பதும் பழமொழியே. முன்னையது நிதானத்தைப் போற்றும். பின்னையது தாமதத்தை இகழும். இவ்விரண்டுள் எதனைக் கைக்கொள்வதென்னும் வினா, ஐக்கிய அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளிற் பயிலும் மாணவர்க்கு ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் எழுகின்றது. ஈராண்டுப் பட்டம் எனப் பெயர்பெற்ற பட்டத்தை ஈராண்டிலேயே முடிப்பதா, தொழில் பார்த்துக்கொண்டே ஐந்தாண்டு செலவிட்டு முடிப்பதா? இதற்கு விடை காண்பதற்கு அக்கல்லூரிகளின் இயல்பையும், அங்கே கல்வி அளக்கப்படும் முறையையும் முதற்கண் அறிதல் வேண்டும்.

சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தின் முதற்றலைவராக விளங்கிய வில்லியம் றெயினி ஹாப்பர் என்பார், நான்காண்டுப் பட்டப்படிப்பை முற்கூறு, பிற்கூறு என இரண்டாக வகுத்தவர். முற்கூற்றை நிறைவு செய்தோர்க்கு ‘இணைப்பட்டம்’ எனத்தக்க ஒரு பட்டத்தை அப்பல்கலைக்கழகம் 1900 இல் வழங்கத் தொடங்கியது. 1901 இல் இலினொய் மாநிலத்து ஜோலியெற் நகரில், அவ்வூர் உயர்நிலைப்பள்ளி அதிபருடன் ஹாப்பர் கலந்து செய்த முயற்சியால், ஆறு மாணவருடன் ஓர் ஈராண்டுக் கல்லூரி தோன்றியது. 1947 இல் சனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்வி ஆணைக்குழு இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் பெருக்குமாறு பரிந்துரைத்தது. ‘சமுதாயக் கல்லூரி’ என்னும் பெயர் பரவியதும் அதன் பின்னரே. குறைந்த கட்டணமும், வீட்டிலிருந்தே சென்று படிக்கும் வசதியும், எல்லோர்க்கும் திறந்த வாயிலும் இவற்றின் சிறப்புக்கள். ஆதலின் பள்ளியிலிருந்து நேரே வரும் இளைஞரோடு, பகலில் தொழில் புரிவோரும் பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மாரும் இங்கே ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஒருவர்க்குப் பொருந்தும் வேகம் அடுத்திருப்பவர்க்குப் பொருந்தாமை இதனாற் பெறப்படும்.

இக்கல்லூரிகளிற் படிப்பு அலகுகளால் அளக்கப்படுகின்றது. ஒரு தவணை முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேர வாசிப்பும் பயிற்சியும் கொண்டது ஓர் அலகு என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலும் 60 அலகுகள் நிரம்பினாற் பட்டம் கிடைக்கும். ஆண்டில் இரு பெருந்தவணைகள் உள. தவணைக்கு 15 அலகு எடுப்பவர் ஆண்டுக்கு 30 அலகும், ஈராண்டில் 60 அலகும் பெறுவர். ‘ஈராண்டுப் பட்டம்’ என்னும் பெயர் இக்கணக்கின்மேல் எழுந்ததாகும்.

ஆயின் 15 அலகு என்பது வாரத்துக்கு 45 மணி நேர உழைப்பு. வாரத்துக்கு 40 மணி நேரம் தொழில் செய்பவர் இதனையும் மேற்கொள்வாராயின், அவர் சுமை 85 மணி நேரமாகும். வாரத்தின் 168 மணியில் நித்திரைக்கு 56 மணியை நீக்கின் எஞ்சுவது 112. அதில் 85 கழியின், உணவுக்கும் பயணத்துக்கும் குடும்பத்துக்கும் கிடைப்பது நாளொன்றுக்கு நான்கு மணிக்கும் குறைவு. அவரே 6 அலகு எடுப்பின் படிப்புக்கு 18 மணி நேரமே வேண்டும். எஞ்சுவது 54 மணி நேரம். ஆனால் இவ்வேகத்திற் பட்டம் பெற ஐந்தாண்டு செல்லும். கோடைத் தவணையில் மேலும் 3 அலகு எடுத்துவரின் அது நான்காண்டாகச் சுருங்கும்.

இங்கே பலரை மயக்குவதொரு சொல் உண்டு. அரசாங்க உதவிக்குத் தவணையொன்றில் 12 அலகு எடுப்பவர் ‘முழுநேர மாணவர்’ எனக் கொள்ளப்படுவர். அப்பெயரை நம்பி 12 அலகே எடுப்பவர் ஈராண்டு முடிவில் 48 அலகோடு நிற்பர். இம்மயக்கத்தைத் தீர்க்கும் பொருட்டே, தவணைக்கு 15 அலகு எடுக்குமாறு தூண்டும் இயக்கம் 2010 ஐ அடுத்த ஆண்டுகளில் ஹவாயில் எழுந்து வேறு மாநிலங்களுக்கும் பரவியது. மேலும், அடிப்படைக் கணிதம், மொழி ஆகியவற்றிற் குறை தீர்க்கும் பாடங்கள் பல இடங்களிற் பட்டத்துக்குரிய அலகுகளிற் சேர்வதில்லை. அவற்றை எடுக்க நேர்ந்தவர்க்கு வழி இன்னும் நீளும்.

விரைந்து முடிப்பதன் நன்மை வெளிப்படை. உழைப்புக்குரிய ஊதியம் முன்னரே கைக்கு வரும். படிப்பு நீள நீள, நோய், வேலையிழப்பு, மகப்பேறு முதலியன குறுக்கிடுவதற்கு இடமும் பெருகும். எனினும், முழுநேரம் படிப்போர் மிகுதியாகத் தேறுகின்றனர் என்பதொன்றே வேகத்தின் பெருமையை நிறுவாது. வசதியுடையோரே முழுநேரம் படிக்க வல்லவராதலின், தேர்ச்சிக்குக் காரணம் வேகமோ வசதியோ என்னும் ஐயம் நிற்கும்.

நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 2007 இல் தொடங்கிய திட்டமொன்று இவ்வையத்தைத் தீர்க்க உதவுகின்றது. அதிற் சேர்ந்தோர் முழுநேரம் படித்தல் கட்டாயம். அதற்கு ஈடாக, உதவித்தொகை போக எஞ்சிய கட்டணம் நீக்கப்பட்டது. பாடநூல்களும் போக்குவரத்துச் சீட்டும் அளிக்கப்பட்டன. அடிக்கடி கண்டு வழிகாட்டும் ஆலோசகர் ஒருவரும் வாய்த்தார். வருமானம் குறைந்த மாணவரைக் குலுக்கல் முறையால் இரு குழுவாக்கி ஆராய்ந்தபோது, மூன்றாண்டில் திட்டத்திற் சேர்ந்தோருள் நூற்றுக்கு 40 பேரும், சேராதோருள் 22 பேரும் பட்டம் பெற்றனர். வறிய மாணவரும் விரைந்து செல்ல வல்லவர், ஆனால் சுமை இறக்கப்படல் வேண்டும் என்பது இதனாற் புலனாகும். இத்துணை உதவி பெற்றும் நூற்றுக்கு 60 பேர் மூன்றாண்டில் முடித்திலர் என்பதும் மறக்கற்பாலதன்று.

சுமை இறங்காத நிலையில் அளவுக்கு மிஞ்சிய வேகம் எதிர்ப்பயனையே தரும். அரசாங்க உதவி பெறுவோர், பட்டத்துக்கு வேண்டிய அலகுகளின் ஒன்றரை மடங்குக்குள் படிப்பை முடித்தல் வேண்டுமென்பது விதி. 60 அலகுப் பட்டத்துக்கு எல்லை 90. ஐந்து பாடங்களை எடுத்து இரண்டை இடையிற் கைவிடுபவர்க்கு, கைவிட்டவையும் முயன்ற அலகுகளாகவே எண்ணப்படும். மறுபுறம், ‘பெல் மானியம்’ என்னும் உதவிப்பணம் எடுக்கும் அலகுகளுக்கேற்பக் கூடியும் குறைந்தும் வருவது. 2012 முதல் அதற்கு வாழ்நாள் எல்லை 12 முழுநேரத் தவணைகளுக்கு நிகரானது. குறைவாக எடுப்பவர்க்கு அவ்வெல்லையும் குறைவாகவே கரையும். 2017 இல் கோடைத் தவணைக்கும் இம்மானியம் மீள அனுமதிக்கப்பட்டமை, இடைவிடாது படிப்போர்க்குத் துணையாயிற்று.

வேகத்தினும் முதன்மையாக நோக்கற்பாலது சேருமிடம். தாதியர் பயிற்சி போன்றவற்றில் மருத்துவமனைப் பயிற்சிக்கு உரிய ஒழுங்கு உண்டு. அதனைத் தாண்டி விரைதல் இயலாது. நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாற எண்ணுபவரோ, தாம் எடுக்கும் பாடங்களை அப்பல்கலைக்கழகம் ஏற்குமா என முன்னரே அறிந்துகொள்ளல் வேண்டும். 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியோர் தாம் ஈட்டிய அலகுகளில் நூற்றுக்கு 43 வீதம் இழந்தனர் என, அமெரிக்க அரசாங்கக் கணக்காய்வு நிலையம் 2017 இல் மதிப்பிட்டது. ஏற்கப்படாத பாடத்தை எத்துணை விரைவிற் படித்தும் பயனில்லை.

ஆகவே, மாணவன் முதலிற் சேருமிடத்தைத் துணிந்து, அதற்குரிய பாடங்களைக் குறித்துக்கொள்ளல் நன்று. அடுத்து, தன் வாரத்தின் மணிகளை ஒளியாது எண்ணி, அலகொன்றுக்கு மூன்று மணி வீதம் எத்துணை தாங்குமென அறிதல் வேண்டும். தொழில் நேரத்தைக் குறைக்க உதவும் பணம் கிடைக்குமாயின் 15 அலகை மேற்கொள்ளலாம். கிடையாதெனின் 6 அலகோ 9 அலகோ எடுத்துக் கோடையையும் பயன்படுத்தலாம். தவணைதோறும் சில அலகுகளையேனும் ஈட்டி, படிப்பின் தொடர்பு அறாது காத்தலே இரு வழியார்க்கும் பொதுக்கடன். ஐந்தாண்டிற் பெற்ற பட்டத்திலும் ஈராண்டிற் பெற்ற பட்டத்திலும் எழுதப்படுவது ஒன்றே. இடையில் நின்றவர்க்கு அவ்வெழுத்துக் கிடைப்பதில்லை.