கிட்டியும் அண்ணாந்தாளும்

எங்கள் ஊராகிய வடலூரில் என் பாட்டியார், கொடுக்க வேண்டிய காசைக் கொடாமல் இழுத்தடிப்போரைக் குறித்து, “கிட்டி போட்டால்தான் தருவான்” என்று சொல்லுவார். கிட்டி யாதென்று யான் வினவியதில்லை. நெருக்குவதற்கு ஒரு சொல் என்றே எண்ணியிருந்தேன். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் சொற்பொருள் ஆராயப் புகுந்த பின்னரே, அது இரண்டு கழிகளை ஒரு முனையில் பிணைத்து, இடையே மனிதன் விரல்களை வைத்து நசுக்கும் கருவி என்று அறிந்தேன். அச்சொல்லும், ‘அண்ணாந்தாள்’ என்னும் மற்றொரு சொல்லும், 1855-ஆம் ஆண்டில் அச்சான ஓர் ஆங்கில அரசாங்க அறிக்கையில் மொழிபெயர்க்கப்படாமலே ஏறி நிற்கின்றன. நம் சொற்கள் பிறநாட்டுப் புத்தகங்களில் ஏறுவதைக் கண்டு மகிழ்வது தமிழ் மாணாக்கர் இயல்பு. இவ்விரண்டு சொற்களும் ஏறிய வரலாற்றை அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை.

அவ்வறிக்கை பிறந்ததற்குக் காரணராய் இருந்தோர் இருவர். ஒருவர் சென்னை வணிகர் காஜுலு லக்ஷ்மிநரசு செட்டியார். மற்றவர் பூல் நகரத்தின் பிரதிநிதியாய் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் அமர்ந்திருந்த ஹென்றி டான்பி ஸீமோர் துரை.

செட்டியார் 1806-இல் பிறந்தவர். துணி, அவுரி வணிகத்தில் பொருளீட்டியவர். 1844-இல் ‘கிரெஸெண்ட்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். அப்பத்திரிகையின் முதல் நோக்கங்களுள் ஒன்று மிஷனரிமாரின் மதப்பிரசாரத்தை எதிர்த்தல் என்பதை, மிஷன் கல்லூரி மலரில் எழுதும் யான் மறைத்தல் தகாது. நம்மவரை எதிர்த்தார் என்பதற்காக அவர் ஏழைக் குடியானவருக்குச் செய்த நன்மையை நாம் மறப்போமாயின் குறை நம்முடையதே. 1852-இல் அவர் சென்னைச் சுதேச சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டிலேயே அச்சங்கம் பார்லிமெண்டுக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் விடுத்தது. நிலவரி தாங்கவொண்ணாதது என்பதும், நீதிஸ்தலங்களில் காலதாமதமும் செலவும் மிகுதி என்பதும் அதில் தலைமையான முறையீடுகள்.

கும்பினியார் ஆட்சியின் சாசனம் புதுப்பிக்கப்படும் காலம் அது. விண்ணப்பத்தைப் படித்தவர் பலர்; கப்பலேறி வந்து கண்ணால் காண முற்பட்டவர் ஸீமோர். 1853-இல் சென்னை வந்த அவரைச் செட்டியார் தாமே உடனிருந்து உள்நாட்டுக்கு அழைத்துச் சென்றார். கடலூர், திருச்சிராப்பள்ளி, சேலம், திருநெல்வேலி முதலிய சீமைகளை அவர்கள் சுற்றினர். கடலூர் அக்காலத்துத் தென்னார்க்காடு ஜில்லாவின் தலைநகர். வடலூரும் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. கருங்குழிக்கும் வடலூர்ப் பெருவெளிக்கும் பின்னர் வந்து, 1867-இல் பசித்தோர்க்குத் தருமச்சாலை கண்ட இராமலிங்க சுவாமிகள், அந்நாளில் செட்டியார் வாழ்ந்த அதே சென்னையில் வசித்துக் கொண்டிருந்தார். அச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாது எரிவதைக் காணும்போதெல்லாம், அன்று இவ்வூர்ப்புறத்துக் குடிகள் எவ்வளவு பசித்திருந்தால் அப்படியோர் அடுப்பு வேண்டியதாயிருக்கும் என்று எண்ணுவேன்.

குடிகளின் துன்பத்துக்கு வேர் எங்கே என்பதை விளக்குதல் வேண்டும். 1816-ஆம் ஆண்டு ரெகுலேஷன்களின்படி சென்னை மாகாணத்தில் கலெக்டரே வரி வாங்குபவர், அவரே மாஜிஸ்திரேட்டு, போலீசும் அவர் கையில். அவருக்குக் கீழ்த் தாசில்தாரும் அவ்வாறே. ஆகவே வரி பாக்கிக்காக ஒரு குடியானவனை வெயிலில் நிறுத்தி முதுகில் கல்லேற்றிய சேவகன் யாருக்கு அடங்கியவனோ, அவரிடமே அக்குடியானவன் நியாயம் கேட்க வேண்டும். மேலே கலெக்டரிடம் மனு கொடுத்தாலோ, அது விசாரணைக்காகத் தாசில்தாரிடமே திரும்பி வரும். அடித்தவன் வீட்டுத் திண்ணையிலேயே அடிபட்டவன் வழக்குரைப்பதற்கு இது ஒப்பாகும்.

1854 ஜூலையில் சென்னை மாகாணத்து நிலவரியைப் பற்றிய விவாதம் காமன்ஸ் சபையில் எழுந்தபோது இச்சித்திரவதையும் வெளிப்பட்டது. அங்கத்தினர் பலர் நம்பவில்லை. எனினும் விசாரிக்க வேண்டுமென்ற ஆக்கினை பிறந்தது. அவ்வாண்டு செப்டம்பரில், லார்டு ஹாரிஸ் கவர்னராயிருந்த காலத்தில், மூவர் அடங்கிய கமிஷன் நியமிக்கப்பட்டது: சென்னைத் தலைமை மாஜிஸ்திரேட்டு எலியட், சிவில் உத்தியோகஸ்தர் ஸ்டோக்ஸ், பாரிஸ்டர் ஜான் புரூஸ் நார்ட்டன். கமிஷனார் சென்னையை விட்டு எங்கும் செல்லவில்லை. முறையீடு பெறக் குறித்த காலமோ மூன்றே மாதம். அவ்வளவில் 1,959 முறையீடுகள் வந்து சேர்ந்தன; அவற்றுள் 519 பேர் நேரில் வந்தவர்கள். இருப்புப் பாதை இல்லாத காலம். அவர்களிற் சிலர் நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்தனர் என்று அறிக்கையே கூறுகின்றது. கைப்பொருளற்ற உழவன் ஒருவன், வயலை விட்டுப் பட்டினம் நோக்கி அத்தனை நாள் நடந்தான் என்றால், அவன் நெஞ்சில் கிடந்த புண்ணின் ஆழத்தை யான் எழுதிக் காட்ட வேண்டுவதில்லை.

சித்திரவதைக்கு நோக்கம் இரண்டு: வரி தண்டுதல் ஒன்று, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்தல் மற்றொன்று. கிட்டியைப் பற்றி முன்னரே கூறினேன். அண்ணாந்தாள் என்பதற்குக் கருவியே வேண்டா. மனிதனைக் குனியவைத்து, அவன் துணியையோ கயிற்றையோ கழுத்தின் மேலும் கால்விரலின் கீழும் செலுத்தி இறுக்கிக் கட்டி, மணிக்கணக்காய் விட்டுவிடுவார்கள். சாட்சி சொல்ல உடம்பில் தழும்பும் தங்காது. இவையெல்லாம் பெரும்பாலும் சொற்பத் தொகைகளுக்காக நடந்தவை. அப்போஸ்தலர் நடபடிகளில், உண்மையறியும்படி பவுலைச் சாட்டையால் அடித்து விசாரிக்க ஓர் அதிகாரி கட்டளையிட்டதையும், ‘ரோமன்’ என்ற ஒரு சொல் அவரைக் காத்ததையும் படித்திருக்கிறோம். நம் குடியானவனுக்கு அத்தகைய சொல் ஒன்றும் வாய்க்கவில்லை.

1855 ஏப்ரலில் அறிக்கை வெளிவந்தது. சித்திரவதை மெய்யே, மாகாணம் எங்கும் உள்ளதே என்று கமிஷனார் அச்சமின்றி எழுதினர். ஆயின், மக்கள் முறையிடுவது தம் நாட்டவரான கீழ் உத்தியோகஸ்தரின் கொடுமையைப் பற்றியே அன்றி ஐரோப்பிய அதிகாரிகளைப் பற்றி அன்று என்றும் எழுதினர். இதனை யான் ஒப்புக்கொள்ள இயலவில்லை. கிட்டியை இறுக்கிய கை நம்மவன் கை என்பது உண்மை. அவ்வெட்கத்தை நாம் பிறர்மேற் சுமத்தல் ஆகாது. ஆனால் இத்தனை வரி இத்தனை நாளில் வரவேண்டுமென்று கட்டளையிட்டுவிட்டு, அது வரும் வழியைப் பாராது கை கழுவியவர் பிலாத்துவைப் போன்றவரல்லரோ? 1857-இல் கார்ல் மார்க்ஸ் இவ்வறிக்கையை எடுத்துக்கொண்டு நியூயார்க்குப் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரையிலும், மேலதிகாரிகள் பொறுப்பினின்று தப்புவது கண்டிக்கப்பட்டிருக்கிறது. பாண்டியன் அவையில் சிலம்பெறிந்த கண்ணகி, ஆராயாத அரசனையே வழக்கில் நிறுத்தினாள்; கொலைஞனைத் தேடிச் செல்லவில்லை.

நார்ட்டனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. வக்கீல் தொழிலைக் குறைகூறுவது நம்மவர்க்கு எளிய பொழுதுபோக்கு. அத்தொழிலில் இத்தகையோரும் இருந்தனர். கமிஷனில் அமருமுன்பே, 1853-இல், தென்னிந்திய நீதி பரிபாலனத்தைக் குறித்து அவர் ஒரு நூல் வெளியிட்டார். சட்டமே பயிலாத உத்தியோகஸ்தர்கள் வெளியூர் நீதிபதிகளாக்கப்பட்டு அளித்த தீர்ப்புகளை அதில் எடுத்துக்காட்டிச் சாடினார். பின்னர் அவரே சென்னையில் சட்டம் போதித்தார்.

அறிக்கையின் பயன் சட்டங்களாய் விளைந்தது. 1859-ஆம் ஆண்டுச் சென்னைப் போலீஸ் சட்டம் போலீசை ரெவினியூவினின்று பிரித்துத் தனித் துறையாக்கியது. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 330-ஆம் பிரிவு, வாக்குமூலம் பெறவோ பொருள் பெறவோ ஒருவனைத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கிற்று. அதற்குக் காட்டிய உதாரணங்களில், வரி பாக்கிக்காகச் சித்திரவதை செய்யும் ரெவினியூ அதிகாரியும் ஒருவன்! 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, போலீசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது என்றது. 2024 ஜூலை முதல் நாள் முதல் இச்சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய சட்டங்கள் வந்துள்ளன. இவ்விரு விதிகளும் எண் மாறி அவற்றிலும் நிற்கின்றன. விதி நின்றபோதிலும், 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் மாண்டனர். சித்திரவதைத் தடுப்புக்கென்றே ஒரு மசோதாவை 2010-இல் மக்களவை நிறைவேற்றியது, மாநிலங்களவையில் அது தேர்வுக் குழுவுக்குச் சென்றது, சட்டமாகாமலே காலாவதியாயிற்று.

லக்ஷ்மிநரசு செட்டியார் 1863-இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். தம் விருந்தினரைப் போலத் தாமும் அங்கே எழுந்து அதிகாரிகளை வினவியிருப்பார் என்று யான் எதிர்பார்த்துத் தேடினேன். 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கத்தினர், கொண்டுவரப்பட்ட மசோதாவைப் பற்றிப் பேசலாம். கேள்வி கேட்க உரிமையில்லை. அவ்வுரிமை 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. செட்டியார் 1868-இலேயே காலமாகிவிட்டார்.