22/7 பெருசா, பை பெருசா?

பை, 22/7, √10, 3.14, −3.2, −√10. இந்த ஆறு எண்களையும் கால்குலேட்டர் இல்லாம ஏறுவரிசையில எழுதணும். முடியுமா?

'பை = 22/7'னு எழுதியே பள்ளிக்கூடத்துல மார்க் வாங்கினவங்க நாம. சிக்கலே அங்கதான். அதனால முதல்ல எது எந்த வகைன்னு பிரிச்சிடலாம்.

22/7, −3.2, 3.14 (அதாவது 157/50) மூணும் விகிதமுறு எண்கள். தொகுதி, பகுதி ரெண்டும் முழுக்களா இருக்கும். பை, √10, −√10 விகிதமுறா எண்கள். இவற்றின் தசமம் முடியவும் முடியாது, ஒரே இலக்கத் தொகுப்பு சுழன்று வரவும் வராது. இந்த ரெண்டு வகைக்கும் பொதுவான எண் ஒண்ணுகூடக் கிடையாது. அப்போ பையும் 22/7-ம் சமமா இருக்கவே முடியாது!

எது பெருசு? 96 பக்கங்கள் உள்ள பலகோணத்தை வைத்து ஆர்க்கிமிடீஸ் நிரூபித்தது: பை, 223/71-ஐ விடப் பெரியது, 22/7-ஐ விடச் சிறியது. 223/71 என்பது 3.14-ஐ விடக் கொஞ்சம் அதிகம். ஆக, 3.14 < பை < 22/7.

அடுத்து √10. ரெண்டும் மிகை எண்களா இருந்தா வர்க்கப்படுத்தி ஒப்பிடலாம், வரிசை மாறாது. 22/7-ன் வர்க்கம் 484/49. √10-ன் வர்க்கம் 10, அதாவது 490/49. எனவே √10 பெருசு.

குறை எண்கள்ல கவனம் தேவை. 3.2-ன் வர்க்கம் 10.24, அதனால 3.2 > √10. மைனஸ் போட்டதும் வரிசை தலைகீழாகும்: −3.2 < −√10.

விடை: −3.2 < −√10 < 3.14 < பை < 22/7 < √10.

சரி, இதுல √−1-ஐ எங்க வைக்கலாம்? அது பூஜ்ஜியம் இல்லை. மிகைன்னு வச்சுக்கிட்டா, மிகை × மிகை = மிகை; அப்போ −1 மிகையாகணும். குறைன்னு வச்சாலும் குறை × குறை = மிகை; மறுபடியும் அதே முரண்பாடு. பெருக்கல் விதியை மீறாம கலப்பெண்களை வரிசைப்படுத்த வழியே இல்லை. அவற்றின் மட்டு மதிப்பை மட்டும் ஒப்பிடலாம்.

பைத்தான்ல ரெண்டு கலப்பெண்களுக்கு நடுவுல '<' போட்டுப் பாருங்க, 'டைப் எரர்' வரும். அது பைத்தானோட குறை இல்லை. அந்தக் கேள்விக்கே அர்த்தம் இல்லைன்னு அது நேர்மையா சொல்லுது!