சூரியப் புயலும் மாத்தளையும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் மாத்தளை மாவட்டம் பட்ட துயரை நாம் அறிவோம். இத்தகைய புயல்களை முன்கூட்டியே கண்டறிய வானிலைச் செய்மதிகள் பெரிதும் துணைநிற்கின்றன. அச்செய்மதிகளையே தாக்கவல்ல இன்னொரு புயல் சூரியனில் உருவாகின்றது. அதனையும் நாம் அறிந்துகொள்வது அவசியமாகும்.

சூரியனில் முறுக்குண்டு கிடக்கும் காந்தப்புலக் கோடுகள் அறுந்து மீள இணையும்போது, அவற்றில் தேங்கியிருந்த சக்தி சடுதியாக வெளிப்பட்டு, அங்குள்ள இலத்திரன்களையும் புரோத்தன்களையும் உந்தித் தள்ளுகின்றது. இது முதலாவது வழி.

சில வேளைகளில் நூற்றுக்கணக்கான கோடி தொன் நிறையுடைய, மின்னேற்றம் பெற்ற வாயு முகிலும் விண்வெளியில் வீசப்படுகின்றது. செக்கனுக்கு 1,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் அது பாயும்போது அதன் முன்னே அதிர்ச்சி அலை எழுகின்றது. முன்னோக்கி வீசப்படும் துடுப்பில் பட்ட பந்து கூடிய வேகத்துடன் திரும்புவது போன்று, அவ்வலையில் மோதித் திரும்பும் துணிக்கைகள் வேகம் பெறுகின்றன. எதிரேயுள்ள காந்தப்புலக் குழப்பங்கள் அவற்றை மீண்டும் மீண்டும் அலையை நோக்கித் திருப்பிவிட, ஒவ்வொரு முறையும் அவற்றின் சக்தி பெருகுகின்றது. இது இரண்டாவது வழி. முகில் பூமியை அடைய ஒன்று முதல் மூன்று நாட்கள் வரை செல்லும். அதிசக்தித் துணிக்கைகளோ ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே வந்துவிடக்கூடும்.

1972 ஓகஸ்டில் இத்தகைய பெரும் துணிக்கைப் புயல் வீசியது. அப்பலோ 16, அப்பலோ 17 ஆகிய பயணங்களுக்கு இடைப்பட்ட காலமாகையால், அவ்வேளை சந்திரனில் எவரும் இருக்கவில்லை.

மாத்தளை பூமியின் காந்த மத்தியகோட்டுக்கு அண்மையில் உள்ளது. இங்கு காந்தப்புலக் கோடுகள் ஏறத்தாழக் கிடையாகச் செல்வதால், வரும் துணிக்கைகளுள் மிகப் பெரும்பாலானவை விலக்கப்படுகின்றன. எஞ்சியவற்றை வளிமண்டலம் தடுக்கின்றது. ஆகவே நிலத்தில் வாழும் எமக்கு அச்சம் தேவையில்லை. ஆனால், சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து எமது வானத்தைக் கண்காணிக்கும் செய்மதிகளுக்கு இப்பாதுகாப்பு மிகக் குறைவு.

இதனாலேயே சூரியனைக் கண்காணிப்பது இன்றியமையாததாகின்றது. 2023 செப்டெம்பர் 2இல் இந்தியா ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலம், 2024 ஜனவரி 6இல் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள தனது நிலையை அடைந்தது. இத்துணிக்கைகளை அளக்கும் கருவிகளும் அதில் உள்ளன. அத்திட்டத்தின் இயக்குநராக வழிநடத்தியவர், தமிழ்நாட்டின் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி என்ற தமிழ் முஸ்லிம் பெண்மணி.

மலையகத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறை நெடுங்காலக் குறையாகும். அது தீர்க்கப்படுமாயின், மாத்தளையின் பிள்ளைகளும் இத்துறையில் கால்பதிப்பர். சம்பந்தப்பட்டோர் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.