ஒரே ஒரு தடவை திறந்த கதவு

மாலை ஐந்து மணிக்கு உங்கள் தெருவில் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சராயும் மாட்டிக்கொண்டு, இடுப்பில் மஞ்சளோ பச்சையோ ஒரு பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடும் சிறுமியைப் பார்த்திருப்பீர்கள். கராத்தே வகுப்புக்குத்தான் அந்த ஓட்டம். (உங்கள் வீட்டுப் பெண்ணாகவே இருந்தாலும் இருக்கலாம்!) "பாட்டுக் கற்றுக்கொண்டால் கொலுவிலே பாடலாம். இதைக் கற்றுக்கொண்டு என்ன செய்யப் போகிறாள்?" என்று வீட்டுப் பாட்டி ஒரு தடவையாவது கேட்டிருப்பாள்.

அசட்டுக் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். உலகத்திலேயே முதல் ஸ்தானத்தைப் பிடித்த ஒரு பெண்ணின் முன்னாலும் ஏறக்குறைய இதே கேள்விதான் வந்து நின்றது.

ஃபெரியால் அஷ்ரஃப் அப்துல் அஜீஸ் என்பது அவர் பெயர். எகிப்து தேசத்துப் பெண். 1999 பிப்ரவரியில் பிறந்தவர். 2021 ஆகஸ்டு 7-ஆம் தேதி, டோக்கியோ ஒலிம்பிக்கில், 61 கிலோவுக்கு மேற்பட்ட பெண்களுக்கான கராத்தேச் சண்டையில் தங்கப் பதக்கம் வாங்கினார். எகிப்தின் ஒலிம்பிக் சரித்திரத்தில் ஒரு பெண் தங்கம் வாங்கியது அதுதான் முதல் தடவை. ஆண்களையும் சேர்த்துக்கொண்டால்கூட, 2004-ல் ஏதென்ஸில் மல்யுத்த வீரர் கரம் காபர் வாங்கிய பிறகு பதினேழு வருஷமாக அந்த நாட்டுக்குத் தங்கமே கிடைக்கவில்லை. அப்போது ஃபெரியாலுக்கு வயது 22.

கராத்தே என்றால் செங்கல்லை உடைப்பதும் ஓட்டைப் பிளப்பதும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சினிமாக்காரர்கள் செய்த உபகாரம் அது! போட்டியில் நடப்பது வேறு. நேருக்கு நேர் சண்டைக்கு மூன்று நிமிஷம். ஒருவர் கையில் சிவப்பு உறை, மற்றவர் கையில் நீல உறை. கையால் குத்தினால் 1 புள்ளி. வயிற்றிலோ மார்பிலோ முதுகிலோ உதைத்தால் 2. தலைக்குக் குறிவைத்து உதைத்தால் 3. ஆனால் ஒன்று: அந்த உதை பட்டும் படாமலும் இருக்க வேண்டும். வேகம் வேண்டும், குறி வேண்டும், வந்த வேகத்தில் நிறுத்தவும் தெரிய வேண்டும். எதிராளிக்கு அடி பலமாகப் பட்டுவிட்டால் அடித்தவருக்குத்தான் தண்டனை.

இது ஏட்டுச் சட்டம் மட்டும் அல்ல. ஃபெரியால் தங்கம் வென்ற அதே நாளில், அதே மண்டபத்தில், ஆண்களுக்கான கடைசிப் போட்டியில் என்ன நடந்தது, கேளுங்கள். சவூதி அரேபியாவின் தாரெக் ஹமெதி 4-1 என்று முன்னால் நின்றார். ஈரானின் சஜ்ஜாத் கஞ்சாதேயின் தலையில் ஓர் உதை விட்டார் பாருங்கள், அவர் பிரக்ஞை தப்பி விழுந்துவிட்டார். தூக்குப் படுக்கையில் வெளியே கொண்டுபோனார்கள். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். உதைத்தவர் வரம்பு மீறினார் என்று தள்ளிவிட்டு, நினைவில்லாமல் கிடந்தவருக்குத் தங்கம் என்று தீர்ப்புச் சொன்னார்கள்! சவூதிக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் கைக்கெட்டி வாய்க்கு எட்டாமல் போயிற்று.

இப்படிப்பட்ட விளையாட்டில் ஃபெரியாலுக்குக் கடைசியில் எதிரே வந்தவர் அஜர்பைஜானின் இரினா ஜரெத்ஸ்கா. 2018-ல் மாட்ரிட் நகரில் உலக சாம்பியன் பட்டம் பெற்றவர், அனுபவசாலி. ஃபெரியாலிடம் அந்தப் பட்டம் கிடையாது. ஆனாலும் 2-0 என்று முடிந்தது. ஆட்டம் முழுவதிலும் இரண்டே புள்ளி! பார்க்கிறவர்களுக்கு இது சப்பென்று தோன்றலாம். எனக்கு என்னவோ, இதுதான் பெரிய சாமர்த்தியம் என்று தோன்றுகிறது. உலக சாம்பியனை எதிரே வைத்துக்கொண்டு மூன்று நிமிஷமும் ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா?

கைதட்ட ஜனங்கள் இல்லை. 1964 ஒலிம்பிக்கில் ஜூடோவுக்கென்று கட்டிய பெரிய புடோக்கான் மண்டபம் அது. கொரோனாவினால் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. 2020-ல் நடக்க வேண்டிய போட்டியே ஒரு வருஷம் தள்ளிப்போய் நடந்தது.

அந்த ஒரு வருஷம் எவ்வளவு வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏனென்றால் கராத்தேக்கு ஒலிம்பிக்கில் கிடைத்ததே அந்த ஒரு சந்தர்ப்பம்தான். ஓகினாவாத் தீவில் பிறந்த கலை. ஜப்பானியர்கள் தங்கள் ஊரில் நடக்கும் விழாவில் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்து 2024-ல் பாரிஸ். அங்கே கராத்தே வேண்டாம், தரையில் புரண்டு சுழன்று ஆடும் பிரேக் டான்ஸ் போதும் என்று பாரிஸ்காரர்கள் 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார்கள். அதாவது, டோக்கியோவுக்குத் தயார் செய்துகொண்டிருந்த ஒவ்வொரு வீராங்கனைக்கும் இது முதலும் கடைசியுமாக இருக்கலாம் என்று தெரியும். தோற்றால் நாலு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆறுதல் கிடையாது. ஜெயித்தால் பட்டத்தைக் காத்துக்கொள்ள இடமும் கிடையாது!

2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் விழாவுக்கு என்னென்ன சேர்ப்பது என்று 2023 அக்டோபரில் முடிவு செய்தபோது, நம்முடைய கிரிக்கெட்டுக்கு இடம் கிடைத்தது. ஸ்குவாஷுக்குக் கிடைத்தது. கராத்தேக்கு இல்லை. நாம் கிரிக்கெட்டுக்காகச் சந்தோஷப்பட்ட அன்று, எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பெண்கள் வாடிப்போயிருப்பார்கள். பாரிஸ் விழா நடந்தபோது ஃபெரியாலுக்கு 25 வயது. லாஸ் ஏஞ்சல்ஸில் 29. விளையாட்டுக்காரிக்கு நல்ல வயதுகள்தாமே இரண்டும்?

அப்படியானால் இந்தப் பெண்கள் எதை எண்ணிப் பயிற்சி செய்கிறார்கள்? உலக சாம்பியன் போட்டி இருக்கிறது. 1970-ல் டோக்கியோவில் ஆரம்பித்தது; பெண்களுக்கு 1980-லிருந்துதான் அதில் இடம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு எடைப் பிரிவு மூன்றே மூன்று, இங்கே ஐந்து. ஆகவே 61 கிலோவைக் கொஞ்சம் தாண்டியவரும் 68-ஐத் தாண்டியவரும் ஒரே களத்தில் மோத வேண்டியதில்லை. ஃபெரியால் போன்றவர்களுக்கு ஆப்பிரிக்க சாம்பியன் போட்டி உண்டு. ஆசியப் பெண்களுக்கு 1994 ஹிரோஷிமா முதல் ஆசிய விளையாட்டு விழாவில் கராத்தே உண்டு. உங்கள் தெருச் சிறுமி இடுப்புப் பட்டையின் நிறத்தை மாற்றிக்கொண்டே போய், ஒரு நாள் தேசத்துக்காக நிற்க வேண்டுமென்று ஆசைப்பட்டால், இப்போதைக்கு அவள் கண் வைக்க வேண்டிய இடம் அதுதான். பாட்டிக்கும் சொல்லி வையுங்கள்.