எலும்புவழி கேட்கும் கருவி: கையெழுத்துப் போடும் முன்

காது டெஸ்ட் முடிந்ததும் கொடுக்கும் ஆடியோகிராமைப் பெரும்பாலோர் மடித்து ஃபைலில் வைத்துவிடுகிறோம். அதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு காதுக்கும் இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று, செவிக்குழாய் வழியாக வரும் ஒலி எவ்வளவு கேட்கிறது என்பது. மற்றது, காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு கொடுத்தால் எவ்வளவு கேட்கிறது என்பது. முதலாவது மோசமாகவும் இரண்டாவது நன்றாகவும் இருந்தால், உட்காது சரியாக வேலை செய்கிறது, ஒலி போய்ச் சேரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்று பொருள். எலும்பின் வழியே ஒலியை உட்காதுக்கு அனுப்பும் எலும்புவழி இம்ப்ளான்ட் பற்றிய பேச்சே இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இரு பக்கமும் உட்காது பெருமளவு செயலிழந்தவருக்கு இது உதவாது; அவர் விசாரிக்க வேண்டியது காக்ளியர் இம்ப்ளான்ட்டைப் பற்றி.

பிறவியிலேயே செவிக்குழாய் மூடியிருக்கும் குழந்தைகளுக்கும், ஓயாமல் சீழ் வடிவதால் காதுக்குள் சாதாரண மெஷினைச் செருக முடியாதவர்களுக்கும் இது பெரிய வரம். டைட்டானியம் எலும்போடு ஒட்டி வளரும் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் ப்ரோனெமார்க்கின் கண்டுபிடிப்பு பல் பொருத்தும் சிகிச்சையில் முதலில் பயன்பட்டது. அதே டைட்டானியத்தைக் காதுக்குப் பின்னால் பொருத்தி 1977இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கினார்கள்.

இதில் ஒரு நல்ல வசதி உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே, அதே வகை ஒலிக்கருவியைத் தலைப்பட்டையில் மாட்டிக் கேட்டுப் பார்க்கலாம். தோலுக்கு மேலே இருப்பதால் ஒலி சற்றுக் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். வீட்டிலும் பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும் சில நாட்கள் மாட்டிப் பார்க்காமல் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பட்டை தர மறுத்து ஆபரேஷன் தேதியை மட்டும் தருகிறார்கள் என்றால் இன்னொரு மருத்துவரிடம் போவதே நல்லது. மண்டை ஓடு மெலிதாக இருப்பதால் பொதுவாக ஐந்து வயதுக்குக் கீழ் இம்ப்ளான்ட் வைப்பதில்லை. ஆனால் கைக்குழந்தைக்கும் பட்டை போடலாம். ‘வளரட்டும், பார்ப்போம்’ என்று காத்திருந்தால் பேச்சு வர வேண்டிய வருடங்கள் வீணாகிவிடும்.

ஒரு காது மட்டும் அறவே கேளாதவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு இந்தக் கருவி செய்வது, கேளாத பக்கத்து ஒலியை நல்ல காதுக்குக் கடத்துவது மட்டுமே. செத்த காது உயிர் பெறாது; ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்ற உணர்வும் திரும்பாது. ‘இரண்டு காதும் கேட்கும்’ என்று யாராவது சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

இம்ப்ளான்ட்டில் திருகு வகையும் காந்த வகையும் உண்டு. தோலைத் துளைத்து வெளியே நிற்கும் திருகு வகையில், அதைச் சுற்றித் தோல் சிவப்பது, சீழ் வைப்பது, சதை வளர்வது எல்லாம் நேரலாம். தினமும் சுத்தம் செய்தாக வேண்டும். சில நேரம் திருகே கழன்று வரும். சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் இதை மருத்துவரிடம் முன்பே பேச வேண்டும். காந்த வகையில் வெளியே திருகு தெரியாது. ஆனால் காந்தம் அழுத்தித் தோல் புண்ணாகலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கவும் கட்டுப்பாடு உண்டு; சில மாடல்களில் முதலில் காந்தத்தை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். இம்ப்ளான்ட் அட்டையை எப்போதும் பர்ஸில் வைத்திருங்கள். இத்தனைக்கும் மேல், வெளியே மாட்டும் ஒலிக்கருவி ஆயுளுக்கும் வராது. வாரன்டி எத்தனை வருடம், அது முடிந்தபின் புதிதுக்கு என்ன விலை என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால்தான் ‘கேட்கும் திறன் குறைந்தவர்’. ஒரு காது மட்டும் கேளாதவர் இதில் வரமாட்டார். வகுப்பறையில் ஒரு காது கேளாத குழந்தை படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது நியாயமாகத் தோன்றாது; இருந்தாலும் இன்றைய சட்டம் அதுதான். இரு பக்கமும் குழாய் மூடியவர்கள் இந்த வரம்பை எட்டக்கூடும், அவர்கள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.க்கு விண்ணப்பிக்க வேண்டும்.

செலவு லட்சங்களில் போகும். காப்பீட்டு நிறுவனங்கள் ‘காது மெஷினுக்குப் பணம் கிடையாது’ என்ற விதியைக் காட்டி மறுப்பதுண்டு. ஆபரேஷனில் உள்ளே வைக்கும் பாகத்தையும் வெளிக்கருவியையும் மருத்துவமனை தனித்தனியாக எழுதிய மதிப்பீட்டைக் கொடுத்து, முன் அனுமதியை எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் புகார் கொடுத்து ஒரு மாதமாகியும் தீரவில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

சிகிச்சையில் தவறு நடந்ததாகத் தோன்றினால் முதலில் மருத்துவப் பதிவேடுகளை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. எப்படித் தொடங்குவது என்று 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். கருவியே பழுது என்றால், மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்யும் மத்திய அரசின் திட்டம் 2015 முதல் இருக்கிறது. மருத்துவர்தான் எழுத வேண்டும் என்றில்லை, நோயாளியே புகார் தரலாம். இம்ப்ளான்ட் அட்டையில் உள்ள வரிசை எண்ணை அதில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.