அறிவியல் புனைவுத் தொடர்கள்: திரையும் ஒலியும் ரசிகர்களும்

இன்னும் நிகழாத ஒன்றை, அறிவியலின் துணைகொண்டு நிகழ்ந்ததுபோலக் காட்டும் தொலைக்காட்சித் தொடரே அறிவியல் புனைவுத் தொடர். தமிழில் இவ்வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, எழுத்தாளர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980-களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்த இது, பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பானது. இத்தகைய தொடர்களை எவ்வாறு ரசிக்கலாம், அவை ஒலி வடிவத்துக்கு ஏன் எளிதில் மாறுகின்றன, அவற்றைக் காப்பதில் ரசிகர்களின் பங்கு என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஜீனோவின் உலகம்

சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன் (1935–2008). பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்திலும் பங்கு கொண்டவர்.

'என் இனிய இயந்திரா' அன்றைக்கு எதிர்காலமாக இருந்த 2020-களில் நடக்கிறது. நாட்டை ஜீவா என்ற தலைவர் ஆள்கிறார். மக்களின் பெயர் இரண்டே எழுத்தில்தான் இருக்க வேண்டும். குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். நிலா என்ற பெண்ணின் கணவன் சிபி காணாமல் போக, அவனைத் தேடும் அவளுக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் துணையாகிறது. புத்தகம் படித்துத் தானாகச் சிந்திக்கத் தொடங்கும் ஜீனோவே வாசகர்களின் மனத்தில் நாயகனாக நின்றது. 'மீண்டும் ஜீனோ' என்ற அடுத்த பாகமும் வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, கதை சொன்ன கருவிகளில் எவை பலித்தன என்பதன்று. மனிதருக்கு எண்ணும் அனுமதிச் சீட்டும் மட்டும் மிஞ்சிய நாட்டில் ஓர் இயந்திரம் நட்பைக் கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதே கதையின் கேள்வி. அறிவியல் புனைவைப் பார்ப்பவர் முதலில் இந்தக் கேள்வியைக் கண்டுகொள்ள வேண்டும். அது பிடிபட்டால், அரங்க அமைப்பு அட்டையால் ஆனதாகத் தெரிந்தாலும் ரசனை குறையாது.

மதுரைக்குப் படம் வந்த வழி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. தென்மாவட்டங்களில் பெரும்பகுதிக்கு அதன் நிகழ்ச்சிகளைக் கொண்டுசேர்த்தது கொடைக்கானல் மலையிலுள்ள ஒளிபரப்புக் கோபுரம். இன்று மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து தேனி, கம்பம், கொடைக்கானல் வண்டிகள் எந்தப் பக்கம் போகின்றனவோ, அந்தப் பக்கம்தான் அன்று மாடிகளில் ஆண்டெனாக்கள் திரும்பி நின்றன. மாடியில் ஒருவர் கம்பியைத் திருப்ப, கீழே ஒருவர் "இப்பத் தெரியுது" என்று குரல் கொடுப்பது அக்கால வீடுகளில் வாடிக்கை.

தொலைக்காட்சி எல்லா வீட்டிலும் இல்லாததால், தெருவில் ஒரு வீட்டுக் கூடமே அரங்கமானது. ஒரு வாரம் தவறினால் மறுபடி பார்க்க வழியில்லை. பார்த்தவர் பார்க்காதவருக்குச் சொல்வதே மறுஒளிபரப்பு.

ஒலிச்சித்திரம் என்னும் பழக்கம்

திரைக்கதையைக் காதால் கேட்டு ரசிப்பது தமிழருக்குப் புதிதன்று. திரைப்படங்களின் வசனத்தையும் பாடல்களையும் சுருக்கித் தொகுத்து வானொலி நிலையங்கள் 'ஒலிச்சித்திரம்' என ஒலிபரப்பின. மதுரைச் சொக்கநாதரின் கதையைச் சொல்லும் 'திருவிளையாடல்' (1965) போன்ற படங்களின் கதைவசனம் இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் வந்து, திருவிழாக்களில் குழாய் ஒலிபெருக்கிகளில் முழங்கியது. படம் பார்க்காதவர்களுக்கும் வசனம் மனப்பாடமானது.

அறிவியல் புனைவுக்கு ஒலி இன்னும் நன்றாகப் பொருந்தும். விண்கலத்தைத் திரையில் காட்டப் பெரும் பணம் வேண்டும். ஒலியிலோ ஓர் எந்திர உறுமலும், "ஜன்னல் வழியே பூமி சின்னதாகத் தெரிகிறது" என்ற ஒரு வசனமும் போதும். மீதியைக் கேட்பவரின் மனமே கட்டிக்கொள்ளும். ஜீனோவைப் போன்ற இயந்திர நாய்க்குத் தேவையானதும் உருவத்தைவிட ஒரு குரலே.

டாக்டர் ஹூ: ரசிகர்கள் காத்த ஒலி

இதற்கு உலக அளவில் தெளிவான சான்று, 1963 நவம்பர் 23 அன்று பிரிட்டனின் பிபிசியில் தொடங்கிய 'டாக்டர் ஹூ'. அதிலும் கே-9 என்ற பேசும் இயந்திர நாய் உண்டு. அது 1977-இல் அறிமுகமானது.

1960-களிலும் 70-களிலும் பிபிசி, நாடாக்களை மீண்டும் பயன்படுத்தவும் இடத்தை மிச்சப்படுத்தவும் பழைய நிகழ்ச்சிகளை அழித்தது. அப்படித் தொலைந்தவற்றில் 90-க்கும் மேற்பட்ட டாக்டர் ஹூ பகுதிகளின் படம் நெடுங்காலமாகக் கிடைக்கவில்லை. ஆனால் அவை அனைத்தின் ஒலியும் இருக்கிறது. காரணம், தொலைக்காட்சிப் பெட்டியோடு ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவு செய்துகொண்ட சில இளம் ரசிகர்கள். அந்தப் பதிவுகள் பின்னர் விளக்க உரையுடன் குறுந்தகடுகளாக வந்தன. சிலவற்றுக்கு அசைவூட்டப் படமும் சேர்க்கப்பட்டது.

1989-இல் தொடர் நின்றது. 1996-இல் வந்த ஒரு தொலைக்காட்சிப் படம் தவிர, 2005 வரை திரையில் அது இல்லை. அந்த இடைவெளியில், 1999 முதல், ரசிகர்கள் நடத்திய 'பிக் ஃபினிஷ்' நிறுவனம் பழைய நடிகர்களையே அழைத்துப் புதிய ஒலிநாடகங்களை வெளியிட்டது. அவற்றில் சிறு வேடங்களில் நடித்த டேவிட் டென்னன்ட் பின்னாளில் திரையில் டாக்டராகவே ஆனார். 2003-இல் வந்த 'ஜூபிலி' என்ற ஒலிநாடகம், 2005-இல் 'டாலெக்' என்ற தொலைக்காட்சிப் பகுதிக்கு அடிப்படையானது. திரையிலிருந்து கிளைத்த ஒலி, திரைக்கே திரும்ப உயிர் கொடுத்தது.

நடிகரின் ரசிகரும் கதையின் ரசிகரும்

மதுரைக்கு ரசிகர் மன்றம் என்றால் கட்-அவுட்டும் முதல் நாள் முதல் காட்சியும். அங்கே பற்று ஒரு நடிகரிடம். அறிவியல் புனைவு ரசிகரின் பற்றோ கற்பனை உலகத்தின் மீது. டாக்டர் ஹூவில் நாயக நடிகர் 1966 முதல் பலமுறை மாறியும் ரசிகர்கள் விலகவில்லை.

தமிழிலும் இத்தகைய ரசனை வேறு உருவில் இருந்தது. வார இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, படங்களோடு பைண்டு செய்து வைத்த வீடுகள் ஏராளம். லண்டனில் ஒலிநாடாவில் பதிவு செய்த சிறுவனும், இங்கே ஊசி நூலால் பக்கங்களைத் தைத்த வாசகரும் செய்தது ஒரே வேலை. நிறுவனம் தூக்கி எறிவதை ரசிகர் எடுத்து வைக்கிறார்.

இன்று செய்யத்தக்கவை

காந்த நாடா காலத்தால் கெடும். பூஞ்சை படியும், ஒட்டிக்கொள்ளும். ஓடும் கருவிகளும் குறைந்துவருகின்றன. வீட்டுப் பரணில் பழைய நிகழ்ச்சிகள் பதிந்த ஒலி, ஒளி நாடாக்கள் இருந்தால் அவற்றை ஈரமும் வெயிலும் படாமல் வைத்து, விரைவில் எண்ணிம வடிவுக்கு மாற்றுவது நல்லது. தொடரின் பெயர், பதிவு செய்த ஆண்டு ஆகியவற்றை உறையில் எழுத வேண்டும். காப்பது வேறு, காப்புரிமையுள்ளதைப் பொதுவில் வெளியிடுவது வேறு. பின்னதற்கு உரியவரின் அனுமதி தேவை.

மாணவர்கள் இன்னொன்றும் செய்யலாம். அந்தத் தொடர்களைப் பார்த்த பெற்றோரையும் அண்டை வீட்டாரையும் பேசவைத்து, யார் வீட்டில் பார்த்தார்கள், எந்தக் காட்சி நினைவிருக்கிறது என்பதைக் கைப்பேசியில் பதிவு செய்யலாம். நான்கு பேர் சேர்ந்தால், சொந்தமாக ஒரு கதை எழுதிப் பத்து நிமிட ஒலிநாடகமும் செய்துவிடலாம். அதற்கு ஓர் அமைதியான அறையும் ஒரு கைப்பேசியுமே போதும்.